மச்சான் உயர்த்திய ஹாண்டில்

மச்சான் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிட்டான். ஹாண்டில் இங்கேயே நிற்கிறது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்தவன். தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் கண்டு, கூழ் குடித்து, ஒடியல் மாவையும் மிளகாய்த் தூளையும் சூட்கேசுக்குள் அமத்திக் கட்டி, வான் வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்: "அத்தான், உங்களுக்கு ஒரு சாமான் செய்து வைச்சிருக்கிறன். காலமை எடுத்து ஓடிப் பாருங்கோ." வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்கிலேற் தருவார்கள், சோப்புத் தருவார்கள், தங்கள் பிள்ளைக்கு அளவில்லாமல் போன சப்பாத்தை எங்கள் பிள்ளைக்கு அளவாக்கப் பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. இவன் என்னுடைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலை உயர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.

நான் கேட்கவில்லை. இதை எழுத்திலே பதிந்து வைப்பது நல்லது, ஏனென்றால் வீட்டுக்குள்ளே வேறு கதை ஓடுகிறது. "நீங்கள்தானே நெடுக நாரி நோகுது, நாரி நோகுது எண்டு சொல்லுறனீங்கள். அவன் பாவம், காது குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்து செய்திருக்கிறான்" என்கிறாள் மனுசி. அறுபது தாண்டிய ஆம்பிளை நாரி நோகிறது என்று சொன்னால் அதற்கு "ம்" சொல்லவேண்டும். கராஜுக்குப் போகக்கூடாது. அதோடு, அவன் நின்ற நாள் முழுக்க வண்டி அவனிடம்தான் இருந்தது. நான் பஸ்ஸில் போனேன். நொந்தது அவனுடைய நாரி, உயர்ந்தது என்னுடைய ஹாண்டில்.

ஹாண்டில் உயர்த்துவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை அங்குலம் உயர்த்தினால் உடம்புக்கு நல்லது, எந்த இடத்தில் நிற்பாட்டவேண்டும் என்று தெளிவாகச் சொல்லலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் குனிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிமிர்வைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் சனம் நிமிர்ந்து ஓடின சனம். ஐயா தோட்டத்துக்குப் போன றலிச் சைக்கிளில் ஹாண்டில் தானாகவே கைக்கு வரும். கரியரில் புகையிலைச் சிப்பம் இருந்தாலும் முதுகு நேரேதான். பிறகு ஹொண்டாக் காலம் வந்தது. 1958இல் ஜப்பானில் சுப்பர் கப் செய்தபோது, சோபா நூடில்ஸ் கடைப் பொடியன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓடக்கூடியதாக வண்டி இருக்கவேணும் என்று யோசித்துத்தான் கிளச் பிடியையே இல்லாமல் செய்தார்கள் என்பார்கள். அந்தச் சும்மா இருந்த கையில் எங்கள் ஆட்கள் பிடித்ததையெல்லாம் ஜப்பான்காரன் கண்டிருக்க வேண்டும். குடை, வாழைக்குலை, ரியூப் லைற், சந்தைக்குப் போகிற சேவல், அந்தியேட்டி வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கிடாரம். அதற்குப் பிறகு எம்டி 90. ஜப்பான் தபால்காரருக்கென்றே செய்த சிவப்பு வண்டி. அங்கே கடிதம் கொடுத்துக் களைத்து, கப்பலேறி வந்து, இங்கே பென்சன்காரருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டது. ரீச்சர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும் சாலி. சின்னச் சில்லு, பெரிய மரியாதை. இவற்றில் ஏறியவர்கள் கதிரையில் இருப்பது போலத்தான் இருந்தார்கள்.

1990க்குப் பிறகு பெற்றோல் தடை. சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய காலம். பின்னால் வருகிறவன் புகைக்குள் செத்துப் பிழைப்பான். அப்போதும் நிமிர்ந்துதான் ஓடினோம். மேலே பொம்பர் வருகிறதா என்று பார்க்க அதுதான் வசதி.

குனிவு வந்தது 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு. லொறி லொறியாக இந்திய வண்டிகள் வந்தன. 2009க்குப் பிறகு சந்திக்குச் சந்தி லீசிங் கம்பனிகள் கடை திறந்தபோது குனிவு நிரந்தரமாயிற்று. லீசிங் எடுத்தவன் குனிந்துதானே ஆகவேண்டும். என்னுடையதும் அப்படி வந்த ஒன்றுதான். பெயரைச் சொன்னால் கம்பனிக்காரன் கோவிப்பான். கொஞ்சம் குனிந்து, கையை முன்னுக்கு நீட்டி, தாங்கியோடு தாங்கியாகப் படுத்து ஓடவேண்டிய சாதி. காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். உடம்பைப் பதித்தால் அது குறையும். நல்ல விஞ்ஞானம். ஆனால் மருதனார்மடம் சந்தை நேரத்தில் காங்கேசன்துறை வீதியில் காற்று எங்கே எதிர்க்கிறது? எதிர்ப்பது மாடு, லான்ட்மாஸ்ரர், றோட்டு நடுவே நின்று சுகம் விசாரிக்கிற இரண்டு சைக்கிள், பின்னால் ஹோர்ன் அடித்தபடி வருகிற மினிபஸ். இவற்றுக்குக் குனிந்து பயனில்லை.

ஆகவே உயர்த்தவேண்டும் என்று நினைப்பதில் குற்றமில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பழைய வண்டிக்கெல்லாம் புது விலை வந்துவிட்டது. இருப்பதைத்தான் மாற்றிக் கட்டிக்கொண்டு ஓடினோம். 2022இல் கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் தந்த நாட்களில் ஹாண்டிலை உயர்த்தியவர்கள் பாக்கியசாலிகள். தள்ளிக்கொண்டு போகக் குனியத் தேவையில்லை.

முறையாகச் செய்வதென்றால் ஹாண்டில் தண்டைப் பிடித்திருக்கிற கிளாம்புக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை வைத்து, நீளமான போல்ற் போட்டு இறுக்கலாம். ரைசர் என்பார்கள். தண்டு அதேதான், இடம் மட்டும் மேலே. மச்சானுக்கு அது காணவில்லை. முழு ஹாண்டிலையும் மாற்றிவிட்டான். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் அந்தக் குழாயின் தடிப்பு 22 மில்லிமீற்றர்தான். எதையும் எதிலும் பூட்டலாம். கம்பனிகளுக்குள்ளே ஒற்றுமை இருக்கிற ஒரே இடம் அது. அந்த ஒற்றுமை எனக்கு வினையாக வந்தது. மேலே போய், அகன்று, பிறகு "என்னை மறந்துபோட்டியளோ" என்று என் நெஞ்சை நோக்கி வளைந்து வருகிறது இந்தப் புது ஹாண்டில்.

ஹாண்டில் உயர்ந்தால் கேபிளும் கூட வளரும் என்று மெக்கானிக் தம்பி நினைத்திருக்கிறான். வளரவில்லை. முழுக்கத் திருப்பினால் அக்சிலேற்றர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தன்பாட்டில் உறுமுகிறது. பரராசசேகரப் பிள்ளையார் கோவிலடியில் மெல்ல வளைத்தேன். வண்டி பந்தயத்துக்கு வெளிக்கிட்டது. விபூதி பூசிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார். இந்த வயதில் இது தேவையா என்ற பார்வை. நான் அக்சிலேற்றரைத் தொடவே இல்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கண்ணாடி இரண்டிலும் என் முழங்கைகள் தெரிகின்றன. வலப்பக்கக் கண்ணாடியில் வல முழங்கை, இடப்பக்கத்தில் இட முழங்கை. பின்னால் பஸ் வருகிறதா என்று தெரியாது. வந்தால் முழங்கை தப்புமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஹாண்டில் பின்னுக்கு வந்ததால் நான் பின்னுக்குப் போகவேண்டியதாயிற்று. நான் பின்னுக்குப் போனதால் மனுசிக்கு மிஞ்சியது சீற்றின் கடைசி ஓரமும் கரியர் கம்பியும். உடுவிலுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போய் இறங்கிய போது அவள் எதுவும் பேசவில்லை. தன் தம்பி செய்த வேலை அல்லவா. நான் செய்திருந்தால் தாலி கட்டுகிற நேரத்திலும் பேசியிருப்பாள்.

இருந்தாலும் மச்சானை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உயர்த்துவது ஊர் வியாதி. இங்கே எதையும் இருக்கிற உயரத்தில் விட்டுவைக்க ஒருவருக்கும் மனம் வராது.

றோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பெற் போட வந்தார்கள். பழையதைக் கிளறி எடுத்துவிட்டுப் போட்டால் உயரம் அப்படியே நிற்கும். ஆனால் கிளறுவது வேலை. மேலே கொட்டுவது திருவிழா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம், கொஞ்சம். பெரிய வீதி உயர்ந்தது, பிறகு ஒழுங்கைகள் உயர்ந்தன. ஒரு காலத்தில் படலையிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் எங்கள் ஒழுங்கைக்குப் போவோம். இப்போது ஒழுங்கையிலிருந்து இறங்கித்தான் வளவுக்குள் வருகிறோம். 2008 கார்த்திகையில் நிஷாப் புயல் வந்தபோது வெள்ளம் வந்த வழியே வடிந்தது. 2020 மார்கழியில் புரெவி வந்தபோது வந்த வெள்ளம் றோட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. செருப்புகள் குசினிக்குள் மிதந்தன.

வெள்ளம் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார்? வளவுக்கு மண் அடித்து உயர்த்தினார். அவருடைய பங்குத் தண்ணீரும் எனக்கு வந்தது. நான் மண் அடித்தால் மற்றப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போகும். அவள் விதவை, பிள்ளைகள் பிரான்சில், ஆகவே அவள் எனக்கு முன்னமே அடித்துவிட்டாள். இப்போது ஒழுங்கையிலேயே பள்ளமான வளவு என்னுடையது. பரப்பு விலை கேட்டு வந்த தரகர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "குளம் ஒண்டு கட்டலாம் ஐயா" என்றார்.

மதிலைப் பாருங்கள். முதலில் கதியால் போட்ட கிடுகு வேலி. பொட்டு இருந்தது. பொட்டுக்குள்ளால் கோழி போகும், கறிவேப்பிலை வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும். பிறகு தகரம். பிறகு மதில், நெஞ்சளவு. எட்டி நின்று கதைக்கலாம். இப்போது அதற்கு மேலே இன்னும் இரண்டு வரி கல், அதற்கு மேலே போத்தல் ஓடு, அதற்கு மேலே கமெரா. முப்பது வருசம் வேலிக்கு மேலால் கதைத்த மனிசன், "உங்கடை முருங்கை இலை எங்கடை பக்கம் விழுகுது" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் பேசுகிற சத்தம் எனக்கு நேரேயும் கேட்கிறது, அரை நிமிசம் கழித்து ஃபோனிலும் கேட்கிறது.

கோவில்களைப் பற்றி நான் பேசக்கூடாது, பேசினால் பிழையாகிவிடும். ஆனாலும் எலியில் ஏறிப் போகிற பிள்ளையாருக்கு எதற்கு இத்தனை நிலைக் கோபுரம்? மருதனார்மடத்தில் ஆஞ்சநேயர் சந்தியையே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் கடல் தாண்டியவர், அவருக்கு அந்த உயரம் பொருந்தும். எங்கள் கந்தசுவாமி கோவில் பெருமஞ்சத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அது உயரமாக இருப்பதற்கென்றே பிறந்தது. செய்தவர்களுக்கு அளவும் தெரியும், மரமும் தெரியும். மஞ்சத்துக்குக் குறுக்கே கரண்ட் வயர் வந்தால் வயரைத்தான் உயர்த்தவேணும். நான் சொல்வது மற்றவற்றை. சின்ன வைரவர் சூலத்துக்கும் மண்டபம், மண்டபத்துக்கு மேல் கோபுரம், கோபுரத்துக்கு மேல் ஒலிபெருக்கி. விடிய நாலரைக்கு அதிலிருந்து வருகிற பாட்டு சுன்னாகம் வரை கேட்கிறது. வைரவர் பாவம், அதற்குக் கீழேயே இருக்கிறார்.

கிணறு இன்னொன்று. தண்ணீர் வருசாவருசம் கீழே போகிறது, கிணற்றுக் கட்டு மேலே போகிறது. முந்திக் கட்டில் காலை வைத்துத் துலாவில் அள்ளியவர்கள் இப்போது எட்டிப் பார்க்கவே முக்காலி தேடுகிறார்கள். தண்ணீரை மோட்டரால் இறைத்துத் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். தாங்கிக்குத் தூண் கட்டி உயர்த்துகிறார்கள். அடுத்த வீட்டுத் தாங்கி அதைவிட ஒரு முழம் கூட. எங்கள் ஒழுங்கையில் தென்னைகளைவிடத் தாங்கிகள் கூட. மேலே ஏறிக் கழுவ ஆளில்லை. காகம் குளிக்கிறது, அதே தண்ணீரில் நாங்களும் குளிக்கிறோம்.

கலியாண வீட்டில் மணவறை மேடை உயர்ந்து உயர்ந்து, அறுகரிசி போட ஏறுகிற கிழவிகளை இரண்டு பேர் தாங்கவேண்டியிருக்கிறது. அதற்கும் மேலே ட்ரோன் கமெரா. அறுகரிசி அதில்தான் படுகிறது.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் கோபுரத்துக்குக் கீழும் ஒரு மாபிள் கல் இருக்கும். "உபயம்" என்று தொடங்கி ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று முடியும். உயர்த்திவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அந்த உயரத்தோடு குடியிருப்பது நாங்கள். தூண் கழுவுவதும், கோபுரத்துப் புறா எச்சம் கூட்டுவதும், வெள்ளத்தில் செருப்புப் பொறுக்குவதும் எங்கள் தொண்டு. மச்சான் மாபிள் கல் பதிக்கவில்லை. ஆனால் வண்டியைக் கழுவும்போது கண்டேன், பெற்றோல் தாங்கியின் பக்கத்தில் ஒரு மேப்பிள் இலை ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறது. உரித்துப் பார்த்தேன், பெயின்ரும் சேர்ந்து வருகிறது.

கராஜுக்குப் போய்ப் பழைய ஹாண்டிலைக் கேட்டேன். "அது பழைய இரும்புக்குப் போட்டுது ஐயா" என்றான் தம்பி, நெடுநாள் நோயாளி போனதைச் சொல்கிற குரலில். "இப்ப என்ன பிரச்சினை?"

"நாரி நோகுது."

அவன் பதறவில்லை. உண்மையில் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டியது இதுதான்: வண்டியில் உடம்பு தொடுகிற இடம் மூன்று. கை, இருப்பு, கால். குனிந்து ஓடினால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும், மணிக்கட்டு நோகும். நிமிர்ந்தால் முழுப் பாரமும் இருப்புக்கு வரும்; ஒவ்வொரு பள்ளமும் வால் எலும்பில் ஏறி நேரே பிடரிக்குப் போகும். எனவே குனிவுக்கும் நிமிர்வுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்க, அவன் சீற்றை அமத்திப் பார்த்தான்.

"ஐயா, ஹாண்டில் பிழையில்லை. சீற்றுத்தான் பதிவு. றெக்சினைக் கழட்டி இன்னொரு ஸ்பொஞ்ச் வைச்சு எப்பன் உயர்த்துவம்."

"பேந்து எனக்குக் கால் நிலத்திலை முட்டாதே தம்பி."

அவன் என் காலைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். அதன் அடி தடிப்புக் காணாது என்று அவன் சொல்லுமுன் நான் வெளியே வந்துவிட்டேன்.

வாசிகசாலையடியில் வண்டியை நிற்பாட்ட முடியாது. "உதென்ன மாட்டுக்கொம்பே?" என்று ஒருவர். "இது சரியான உயரம் இல்லை மாஸ்ரர், இன்னும் கொஞ்சம் உயர்த்தவேணும்" என்று இன்னொருவர். அவரிடம் வண்டியே இல்லை. 2025 தையில் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் கொழுவியிருந்த அலங்காரமெல்லாம் கழற்றச்சொல்லிப் பொலிஸ் இறங்கியபோது நான் கைதட்டிய ஆள். இப்போது சந்தியில் காக்கிச் சட்டை தெரிந்தால் உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போகிறேன்.

ராத்திரி ரொறன்ரோவிலிருந்து மச்சான் வீடியோவில் வந்தான். படம் அனுப்பச் சொன்னான். மகள் எடுத்து அனுப்பினாள். "அத்தான், ஈசி றைடர் படத்திலை வாற பீற்றர் ஃபொண்டா மாதிரியே இருக்கிறியள்!" 1969இல் வந்த படம். இவன் அதை எங்கே பார்த்தானோ, முழுக்கப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. கடைசியில் அந்த உயர்த்திய ஹாண்டில்காரனை றோட்டிலே வைத்துச் சுட்டுவிடுவார்கள். நான் சொல்லவில்லை. மனுசி பக்கத்தில் இருந்தாள், தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். "வாற வருசம் வரேக்கை உங்கடை வீட்டு முன் கேற்றை ஒருக்காப் பார்க்கவேணும் அத்தான், சரியான பதிவா இருக்கு" என்றான்.

அங்குலக் கணக்கு மறக்கவில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் வைத்து அளந்து, இருப்பிலிருந்து பிடி வரைக்கும் எவ்வளவு என்று சரியான இலக்கத்தோடு எழுதத்தான் இருந்தேன். அளவு ரேப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மதிலில் இன்னொரு வரி கல் வைக்கப்போகிறாராம். அதற்கு முன்னம் தாங்கி கட்ட வாங்கின என் ஏணியே இன்னும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது. எட்டிப் பார்த்து எடுக்கலாமென்றால் மதில் விடாது.